தோட்டத்துப் பாதைக்கு எந்த உறுப்பினரிடம் போவது?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். நுவரெலியா மாவட்டத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு. அங்கே ஏறும் பாதை மழையில் அரித்துப்போய், ஆட்டோக்காரர்கள் கீழே ஸ்டோரடியிலேயே, அதாவது தேயிலைத் தொழிற்சாலையடியிலேயே, இறக்கிவிட்டுப் போகிறார்கள். கேட்டவர் கொழும்பில் வேலை செய்கிறார். அப்பா அம்மா இன்னும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில். “எங்கள் தொகுதி எம்.பி. யார், மாகாண சபை உறுப்பினர் யார், போன் நம்பர் இருந்தால் தாருங்கள், நானே பேசுகிறேன்” என்று எழுதியிருக்கிறார். அவருக்கு உண்மையில் வேண்டியது நம்பர் இல்லை, யாரைப் பிடித்தால் பாதை நடக்கும் என்பதுதான். நம்பர் தேடுவது அரை மணி நேர வேலை, அதையும் கீழே சொல்கிறேன். ஆனால் அந்த நம்பரை அழுத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் பல வருடம் தபால் பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, பதில் தட்டச்சு செய்தவன். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. எல்லாக் கட்சி அலுவலகத்திலும் மேசையும் மேசை மேல் குவியும் கடிதமும் ஒரே மாதிரிதான். பதுளைப் பக்கத்து நடைமுறை ஓரளவு தெரியும். கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் அலுவலக வழக்கம் கொஞ்சம் மாறலாம். சட்டம் என்று நான் சொல்வது எல்லா இடத்துக்கும் பொருந்தும், வழக்கம் என்று சொல்வது நான் பார்த்ததை வைத்து.

முதலில் “எங்கள் தொகுதி எம்.பி.” என்று ஒருவர் இப்போது கிடையாது. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறையில் கடைசியாக நடந்த பொதுத்தேர்தல் 1977இல். அப்போதும் நமது நுவரெலியா–மஸ்கெலியா மூன்று பேரை அனுப்பிய பல அங்கத்தவர் தொகுதி. 1989இலிருந்து மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டம், கட்சிக்கு வாக்கு, அதற்குள் விருப்பு வாக்கு. பாராளுமன்றத்தின் 225 பேரில் 196 பேர் இப்படி மாவட்ட வாரியாக வருகிறார்கள், மீதி 29 பேர் தேசியப் பட்டியல். நுவரெலியாவுக்கு 8 ஆசனம். நுவரெலியா–மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குரன்கெத்த, வலப்பனை என்ற பெயர்கள் இன்றும் வாக்குகளை எண்ணும் பிரிவுகளாக இருக்கின்றன, ஆனால் அவற்றுக்கென்று தனி எம்.பி. இல்லை. ஆகவே 2024 நவம்பர் 14 தேர்தலில் வந்த எட்டுப் பேருமே உங்கள் எம்.பி. ஹங்குரன்கெத்தவில் வீடு உள்ளவரிடமும் பொகவந்தலாவைப் பாதையைப் பற்றிக் கேட்கலாம். “அது என் ஏரியா இல்லை” என்று அவர் சொன்னால் அது சட்டம் இல்லை, அவர் வசதி.

இதிலே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். கட்சிகள் தொகுதிக்குத் தொகுதி “அமைப்பாளர்” என்று ஒருவரைப் போடுகின்றன. அவர் ஜீப்பில் வருவார், மாலை வாங்குவார், கோயில் கும்பாபிஷேகத்தில் முன்வரிசையில் இருப்பார். அவர் கட்சியின் ஆள். மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அவரிடம் சொல்வதில் தப்பில்லை, ஆனால் அவரிடம் கொடுத்த மனு எந்த அரச பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

தோட்டத்தில் ஒரு பிரச்சினை என்றால் நம் கால் தானாகச் சங்கத் தலைவர் வீட்டுக்குத்தான் போகும். அதற்கும் காரணம் இருக்கிறது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்திலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த வருடமே வந்த குடியுரிமைச் சட்டத்தில் மலையகத் தமிழர் பெரும்பாலானோரின் குடியுரிமை போயிற்று, அதை ஒட்டி வாக்கும் போயிற்று. வாக்கில்லாத ஆளின் கடிதத்தை எந்த எம்.பி. பிரிப்பார்? தண்ணீர்க் குழாய் முதல் மரண சான்றிதழ் வரை எல்லாவற்றுக்கும் தொழிற்சங்கமே வாசலாகியது அப்படித்தான். 1988, 2003 சட்டங்களோடு குடியுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சம்பளம், பேர் வெட்டுதல், சேவைக்காலப் பணம் என்றால் சங்கம்தான் சரி. அதற்கும் மேலே தொழில் திணைக்களம் இருக்கிறது. பாதை வேறு. பாதைக்குச் சங்கத்தை மட்டும் நம்பியிருந்தால், சந்தா கட்டும் ஆள் என்ற தகுதியில்தான் கேட்கிறீர்கள். வாக்காளன் என்ற தகுதி அப்படியே கிடக்கிறது.

மாகாண சபைக்கு வருவோம். மத்திய மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. ஊவா சபையின் காலம் 2019இல் முடிந்தது. சப்ரகமுவ அதற்கும் முன்னமே, 2017இல். அதன் பிறகு தேர்தலே இல்லை. 2017இல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள், தொகுதி எல்லை வரைந்த அறிக்கை அடுத்த வருடம் பாராளுமன்றத்தில் தோற்றது, அப்படியே கிடக்கிறது. ஆகவே “என் மாகாண சபை உறுப்பினர் யார்” என்பதற்குப் பதில்: ஒருவரும் இல்லை. விசிட்டிங் கார்டில் இன்னும் “மாகாண சபை உறுப்பினர்” என்று போட்டுக்கொண்டு திரிபவர்கள் உண்டு. முன்னாள் என்ற சொல்லுக்கு அட்டையில் இடம் போதவில்லை போலும். ஆனால் மாகாண நிர்வாகம் மூடப்படவில்லை. ஆளுநர், பிரதம செயலாளர், மாகாணக் கல்வி, சுகாதாரம், வீதி அபிவிருத்தித் திணைக்களங்கள் எல்லாம் வேலை செய்கின்றன. உறுப்பினர் இல்லாததால், மாகாண வீதி என்றால் நேரே அந்தத் திணைக்களத்துக்கும் பிரதம செயலாளருக்கும்தான் எழுத வேண்டும்.

உங்களுக்கு மிகக் கிட்ட இருக்கும் உறுப்பினர் பிரதேச சபையில் இருப்பவர். பழைய அம்பகமுவ பிரதேச சபை 2018இல் அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்று மூன்றாகப் பிரிந்தது. பொகவந்தலாவைப் பக்கம் நோர்வூட் சபைக்குள் வருகிறது. இதேபோல நுவரெலியா பிரதேச சபை நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று பிரிந்தது. ஊரில் வயதானவர்கள் இன்னும் பழைய அம்பகமுவ சபைக் கந்தோர் இருந்த கினிகத்தேனைக்குத்தான் போகச் சொல்வார்கள், கேட்காதீர்கள். 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் இந்தச் சபைகளிலும் உறுப்பினர்கள் இருக்கவில்லை, செயலாளர்தான் நடத்தினார். 2025 மே 6 தேர்தலோடு மறுபடி ஆட்கள் வந்திருக்கிறார்கள். உறுப்பினர்களில் சுமார் அறுபது சதவீதம் பேர் வட்டாரத்தில் வென்றவர்கள், மீதிப் பேர் கட்சிப் பட்டியலில் வந்தவர்கள். உங்கள் மேற்பிரிவு எந்த வட்டாரம் என்று தெரிந்தால், இந்தக் கேள்வியில் “எங்கள் உறுப்பினர்” என்று விரல் நீட்டக்கூடிய ஒரே ஆள் அந்த வட்டாரத்தில் வென்றவர்தான். சில வட்டாரங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் உண்டு, அப்படியானால் எல்லோரிடமும் கொடுங்கள்.

சரி, இனித்தான் முக்கியமான விஷயம். அந்தப் பாதை யாருடையது? இதைத் தெரியாமல் எழுதிய மனுக்கள்தான் நான் பார்த்ததில் அதிகம், அவற்றில் பெரும்பாலானவை ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போய், “எமது நிறுவனத்துக்குரியதல்ல” என்ற ஒற்றை வரியோடு திரும்பும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா போகும் ஏ7 அப்படிப்பட்டது. அதற்குப் பொறுப்பு மத்திய அரசின் அமைச்சு, ஆகவே எம்.பி. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்கு. அதற்குக் கீழே பிரதேச சபை வீதிகள். எல்லாவற்றுக்கும் கீழே தோட்டத்துக்குள் ஓடும் பாதைகள். அவற்றை யாரும் தங்களுடையது என்று சொல்ல விரும்புவதில்லை. காணி அரசுடையது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தபோது நீண்டகாலக் குத்தகைக்கு விட்டார்கள். கொழுந்து லொறி போகும் வரைக்கும் கம்பனி பாதையைப் பார்க்கும். லொறி நின்ற இடத்திலிருந்து லயம் வரைக்கும் உள்ள துண்டுதான் மழையில் போகிறது. உங்கள் பாதையும் அந்தத் துண்டாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரதேச சபை தோட்டத்துக்குள் பணம் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று முன்பெல்லாம் சொல்வார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டுவார்கள். அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, தோட்ட மக்களுக்கும் சபை சேவை செய்ய வழி திறந்துவிட்டது. இன்னமும் யாராவது 33ஐக் காட்டித் தட்டிக்கழித்தால், திருத்தம் வந்ததைச் சொல்லுங்கள். இதுவரை சொன்னது சட்டம். நடைமுறையில், தோட்ட முகாமையாளரிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் இல்லாமல் சபை வேலையைத் தொடங்கி நான் பார்த்ததில்லை. துரையிடம் போய் அந்தக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிட்டால், பின்னால் வரும் ஆறு மாதம் மிச்சம். பல துரைமார் கொடுத்துவிடுவார்கள், அவர்களுக்கும் செலவு மிச்சம்தானே.

பாதையின் சொந்தக்காரர் தெரிந்த பிறகுதான் ஆளைத் தேட வேண்டும். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையதளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தால், அந்த ஆளின் பெயர் தேருநர் இடாப்பில் எந்த மாவட்டம், எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். உங்கள் பெயர் கொழும்பில் பதிவாகியிருக்கலாம், ஆகவே அப்பாவின் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். வட்டாரம் எது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச சபைக் கந்தோரிலோ கேட்டால் ஒரே நிமிடத்தில் சொல்வார்கள். பாராளுமன்றத்தின் இணையதளம் மூன்று மொழியிலும் இருக்கிறது. அதில் உறுப்பினர் விவரக்கொத்தில் நுவரெலியா மாவட்டத்தைத் தெரிந்தால் எட்டுப் பேரின் விவரமும் வரும். கொடுத்தவர்களின் தொலைபேசி, மின்னஞ்சலும் இருக்கும். இணையம் ஓடாத இடத்தில் 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்துக்கு அழைத்துத் தமிழில் கேட்கலாம், சரியான கந்தோரின் இலக்கத்தைத் தருவார்கள்.

எட்டுப் பேரில் யாரை என்று கேட்பீர்கள். என் அபிப்பிராயம்: ஆளும் கட்சியில் ஒருவர், எதிர்க்கட்சியில் ஒருவர், இருவருக்கும் தனித்தனிக் கடிதம். ஆளும் கட்சிக்காரருக்குப் பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் கை இருக்கும். அந்தக் குழுக் கூட்டத்தில்தான் பிரதேச செயலாளர், பொறியியலாளர், மின்சார சபை, நீர் வழங்கல் சபை எல்லோரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். அங்கே பெயர் சொல்லிக் கேட்டால் அதிகாரி எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். எதிர்க்கட்சிக்காரருக்குப் பாராளுமன்றத்தில் கேள்வி கேட்க விஷயம் தேவை. அமைச்சர் சபையில் கொடுக்கும் பதில் பாராளுமன்ற விவாதப் பதிவான ஹன்சாட்டில் அச்சாகும், பிறகு யாரும் மறுக்க முடியாது. இருவருக்கும் எழுதினால் ஒருவர் கோபித்துக்கொள்வார் என்று ஊரில் பயப்படுவார்கள். கோபிக்கிறவரும் உண்டு. ஆனால் மற்றவர் கையிலும் கடிதம் இருக்கிறது என்று தெரிந்தால் வேலை வேகமாக நடந்ததையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நேரில் பிடிப்பது பற்றி. சபை கூடும் வாரங்களில் செவ்வாயிலிருந்து வெள்ளி வரை பெரும்பாலும் அவர்கள் கொழும்புப் பக்கம்தான். சனி, ஞாயிறு அல்லது திங்கள் காலை ஊர் அலுவலகத்தில் பார்க்கலாம். அதுவும் கல்யாணம், சாவு வீடு என்று ஓடுவார்கள், அலுவலகத்துக்குப் போன் பண்ணிவிட்டுப் போங்கள். போனை எடுப்பவர் இணைப்புச் செயலாளராக இருப்பார். அவரைத் தாண்டி எம்.பி.யைப் பிடிக்கப் பார்ப்பது வீண். அந்த அலுவலகத்தில் கோவை எங்கே இருக்கிறது, எந்த அதிகாரிக்குப் போன் பண்ண வேண்டும் என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது. அவர் பெயரைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வாட்ஸ்அப். படம் அனுப்ப நல்லது. குரல் பதிவு அனுப்பாதீர்கள். நாலு நிமிடக் குரல் பதிவை நின்று கேட்கிற ஆளை நான் எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. பேஸ்புக்கில் பின்னூட்டம் போடுவது மனதுக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

கடிதம்தான் வேலை செய்யும். ஏன் என்றால், எம்.பி. பாதை போடுவதில்லை. உங்கள் கடிதத்துக்கு மேலே தன் கடிதத் தலைப்பில் நாலு வரி எழுதி, உரிய அதிகாரிக்கு அனுப்புவார். அந்த நாலு வரியை எழுதுவது எங்களைப் போன்ற ஒருவர். அந்த ஆளுக்கு வேண்டிய விவரம் உங்கள் கடிதத்தில் இருந்தால் அன்றைக்கே எழுதி, மாலைத் தபாலில் போய்விடும். இல்லாவிட்டால் “விவரம் கேட்க வேண்டும்” என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துத் தட்டில் போடுவோம். அந்தத் தட்டில் விழுந்த கடிதம் மறுபடி எழுந்ததைப் பார்ப்பது அபூர்வம்.

எங்கள் மேசைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் “மலையகத்தின் விடிவெள்ளியே” என்று தொடங்கும். முதல் பக்கம் முழுவதும் புகழ்ச்சி, இரண்டாம் பக்கத்தில் “எமது நீண்டகாலக் குறையைத் தீர்த்துவைக்குமாறு”. என்ன குறை என்று இருக்காது, எந்தப் பிரிவு என்று இருக்காது. பின்னால் ஐந்து தாளில் கையொப்பம், ஒரு போன் நம்பர் இருக்காது. ஒரு தடவை சி.ஆர். கொப்பியில் கிழித்த தாளில் ஒரு கடிதம் வந்தது. ஏ.எல். படிக்கும் பிள்ளை, பாட்டிக்காக எழுதியது. தோட்டம், பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு. லய இலக்கம். பாதை எங்கிருந்து எங்கே, எத்தனை குடும்பம், எந்த இடத்தில் மதகு உடைந்திருக்கிறது. பிரதேச சபைக்கு எந்தத் திகதியில் மனுக் கொடுத்தோம், அதற்கு என்ன சொன்னார்கள். பக்கத்து ஆட்டோக்காரரின் நம்பர். கடைசியில், “எங்களுக்கு முழுப் பாதையும் வேண்டாம், மதகை மட்டும் கட்டித் தந்தால் அம்புலன்ஸ் வரும்” என்று ஒரு வரி. அதை அப்படியே இணைத்து அனுப்பினோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் போய் அளந்து மதிப்பீடு போட்டார். மதகு மட்டும் என்று கேட்டிருந்ததால் தொகை சிறியது, அந்த வருட ஒதுக்கீட்டுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

அதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். முழுப் பாதைக்கும் கொங்கிரீட் என்று கேட்டால், பெரிய தொகை, பெரிய ஒப்புதல், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று வரும். ஆட்டோ எந்த வளைவில் நிற்கிறது, எந்த இடத்தில் தண்ணீர் பாதையை அறுக்கிறது என்று பார்த்து, அந்த நூறு மீற்றரைக் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கையொப்பம் நிறைய இருப்பதைவிட, பத்துக் குடும்பத்தின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருப்பது நல்லது. படம் இரண்டு போதும், ஒன்றில் ஆள் நின்றால் பள்ளத்தின் ஆழம் தெரியும். துரையின் ஆட்சேபணையில்லாக் கடிதத்தின் பிரதியை இணையுங்கள். இன்னொன்று: பதில் வரவேண்டிய விலாசம். லயத்துக்கு வரும் தபால் பல தோட்டங்களில் இன்றும் தோட்டக் கந்தோர் வழியாகத்தான் வருகிறது, நாட்கணக்கில் அங்கேயே கிடக்கும். டவுனில் தெரிந்த கடையின் விலாசத்தையோ உங்கள் கொழும்பு விலாசத்தையோ கொடுங்கள். கையொப்பம் வைப்பது அப்பாவும் அயலவர்களும்தான், உங்கள் பெயரைத் தொடர்புக்கு மட்டும் போடுங்கள். அங்கே வாக்கு உள்ளவர் கேட்கிறார் என்பது வாசிப்பவர் கண்ணில் முதலில் பட வேண்டும்.

தமிழில் எழுதலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. தாராளமாக எழுதுங்கள். நாட்டின் எந்தப் பகுதியிலும் அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. நுவரெலியா மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் இருமொழி நிர்வாகத்துக்கென்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவையும்கூட. இது உரிமை. நடைமுறை என்னவென்றால், தமிழ் தெரியாத தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மேசைக்குப் போகும் கடிதத்தோடு ஒரு சிங்களப் பிரதியும் இருந்தால் மொழிபெயர்ப்புக்கென்று அது வரிசையில் நிற்காது. தமிழ்க் கடிதம் மூலம், சிங்களம் இணைப்பு. சிங்களத்தில் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டாம். தமிழில் கேட்க ஆளில்லை என்று கணக்குப் போட்டுவிடுவார்கள்.

எப்போது கொடுப்பது என்பதும் பெரிய விஷயம். பிரதேச சபையின் வருடம் ஜனவரியில் தொடங்கும். வரவு செலவுத் திட்டத்தை வருடக் கடைசியில் நிறைவேற்றுவார்கள். ஜூலை, ஓகஸ்ட்டில் உங்கள் மனு வட்டார உறுப்பினரின் கையில் இருந்தால் அடுத்த வருடத் திட்டத்தில் சேர வாய்ப்புண்டு. டிசம்பரில் கொடுத்தால் ஒரு வருடம் போயிற்று. எல்லாக் கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை அடித்து வாங்குங்கள். முத்திரை அடித்துத் தர முகம் சுளிப்பார்கள். நின்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ஒரு மாதம் பார்த்துப் பதில் இல்லையென்றால் இணைப்புச் செயலாளருக்குப் போன் பண்ணி, எந்த அதிகாரிக்கு, எந்தத் திகதியில், எந்த இலக்கத்தோடு கடிதம் போனது என்று கேளுங்கள். அந்த இலக்கம் கிடைத்தால் நீங்களே அந்த அதிகாரியிடம் போகலாம், எம்.பி. தேவையில்லை. அதுவும் சரிவராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச சபையின் தகவல் அதிகாரிக்கு எழுதி, இந்தப் பாதை யாருடைய பொறுப்பில் இருக்கிறது, நாங்கள் கொடுத்த மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கடந்த மூன்று வருடத்தில் இந்த வட்டாரத்தில் பாதைகளுக்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தராவிட்டால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. என் கண்ணால் பார்த்த வரைக்கும், மூன்றாவது கேள்வி போன பிறகு சபையில் ஒரு சுறுசுறுப்பு வரும்.

அதற்கும் மேலே பாராளுமன்றத்தில் பொது மனுக்கள் பற்றிய குழு. அதற்கு நீங்கள் நேரே அனுப்ப முடியாது, ஓர் உறுப்பினர் சமர்ப்பிக்க வேண்டும். எட்டுப் பேரில் எவரிடமும் கேட்கலாம், தேசியப் பட்டியல்காரரிடமும் கேட்கலாம். அதிகாரி ஒருவர் அநியாயமாக நடந்துகொண்டார், உரியதைத் தர மறுத்தார் என்பது போன்ற விஷயத்துக்குத்தான் அது பொருந்தும். “எங்களுக்குப் பாதை போட்டுத் தாருங்கள்” என்ற கோரிக்கைக்கு அது சுற்றுவழி. நிர்வாகத்தின் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனும் அப்படித்தான், அவருக்கு மட்டும் 1994க்குப் பிறகு உறுப்பினர் இல்லாமல் நேரடியாக எழுதலாம். உங்கள் விஷயத்தில் இந்த இரண்டும் இப்போதைக்குத் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

எது நிச்சயம், எது சந்தேகம் என்றும் சொல்லிவிடுகிறேன். பாதை யாருடையது என்று நீங்கள் தெரிந்துகொள்ள முடியும், அது நிச்சயம். கடிதம் பதிவாகும், உரிய மேசைக்குப் போகும், அதுவும் பெரும்பாலும் நிச்சயம். பணம் வருமா என்பதுதான் சந்தேகம். எம்.பி.மாருக்குப் பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்று ஒன்று இருந்துவந்தது, அரசாங்கத்துக்கு அரசாங்கம் அதன் தொகையும் விதியும் மாறும். “என் நிதியில் போட்டுத் தருகிறேன்” என்று மேடையில் சொல்வதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தோட்ட வீதிகளுக்கும் வீடுகளுக்கும் பெருந்தோட்ட விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சிலும் ஒதுக்கீடு வரும். அந்த அமைச்சின் பெயர் ஒவ்வொரு அரசாங்கத்திலும் மாறுவதால், கடித உறையில் பெயரைச் சரிபார்த்து எழுதுங்கள். பழைய பெயரில் போனாலும் போய்ச் சேரும், கொஞ்சம் சுற்றிச் சேரும்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வதாக இருந்தால், இந்த ஞாயிறு ஊருக்குப் போய் அந்த வளைவைப் படம் எடுத்து, திங்கள் ஒரு நாள் லீவு போட்டு, காலையில் துரையையும் பிறகு நோர்வூட் பிரதேச சபைக் கந்தோரில் செயலாளரையும் பார்ப்பேன். அந்தப் பாதை சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்ற ஒரு கேள்வியை மட்டும் செயலாளரிடம் கேட்டு வாருங்கள். இருக்கிறது என்றால் வட்டார உறுப்பினர் போதும். இல்லை என்றால் அதைச் சபைக்குப் பொறுப்பேற்க வைக்கும் கடிதத்தைத்தான் முதலில் எழுத வேண்டும், எம்.பி.க்கான கடிதம் அதற்குப் பிறகு. எந்தப் பதில் வந்தது என்று இங்கே எழுதினால், கடிதத்தின் வாசகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அடையாள அட்டை இலக்கங்களை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள்.